பம்ப்செட் உதிரிப்பாகப் பட்டறைக்கு வரவேண்டிய 14.60 லட்சம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவையில் 2023 அக்டோபர் முதல் 2024 இறுதி வரை நடந்த ஒரு பாக்கி வசூலைப் பற்றியது இந்தப் பதிவு. சிறுதொழில் செய்வோரின் சங்கம் ஒன்றில் ஆலோசனைக் குழுவினராக இதைக் கையாண்டவர்களில் நானும் ஒருவன். பட்டறை, வேலை கொடுத்த நிறுவனம், கூட நின்ற மற்றப் பட்டறைகள் ஆகியவற்றின் பெயர்களை எழுதவில்லை. தொகைகள் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் இருந்தவை. படிக்க எளிதாக ஆயிரத்துக்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

பின்னணி

பட்டறையை நடத்துவது ஒரு தம்பதி. கணவர் பெரிய ஆலை ஒன்றில் டர்னராக இருந்துவிட்டு, ஒரே ஒரு லேத்துடன் சொந்தமாகத் தொடங்கியவர். இப்போது இரண்டு சி.என்.சி. இயந்திரங்கள், மூன்று லேத்துகள், ஏழு தொழிலாளர்கள். கணக்கு, வங்கி, ஜி.எஸ்.டி. எல்லாம் மனைவியின் பொறுப்பு. மோனோபிளாக் பம்புகளுக்கான ஷாஃப்ட் (சுழல்தண்டு) கடைசல், இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சக்கரம்) போரிங் ஆகியவைதான் முக்கிய வேலை. இரும்புத் தண்டும் காஸ்டிங்கும் (வார்ப்புப் பாகங்கள்) வேலை கொடுப்பவரிடமிருந்து வரும். இவர்கள் கூலிக்கு மட்டும் பில் போடுவார்கள்.

மொத்த வேலையில் ஏறத்தாழ 60 சதவீதம் நடுத்தர அளவிலான ஒரே பம்ப்செட் நிறுவனத்திடமிருந்து வந்தது. பல ஆண்டுப் பழக்கம். தொடக்கத்தில் 45 நாட்களில் வந்துகொண்டிருந்த பணம் கொரோனாவுக்குப் பிறகு 60, 75 என்று நீண்டது. 2023 கோடைக்குப் பின் முற்றாக நின்றுபோனது. கிணற்று நீர் இறங்கும் மாசி, பங்குனி மாதங்களில் பம்பு விற்பனை ஏறும், பருவமழை தொடங்கியதும் இறங்கும். விற்பனை இறங்கும்போதெல்லாம் முதலில் நிறுத்தப்படுவது கூலிக்கு வேலை செய்பவரின் பில்தான். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபின் பட்டறையின் கையிருப்பும் குறைந்திருந்தது. ஆகவே இந்த முறை தாங்க முடியவில்லை.

2023 செப்டம்பர் இறுதியில் நிலுவை இப்படி இருந்தது: மே மாத பில்களில் 2.10 லட்சம், ஜூன் 3.40, ஜூலை 3.30, ஆகஸ்ட் 3.20, செப்டம்பர் 2.60. ஆக மொத்தம் 14.60 லட்சம் ரூபாய். இதில் சுமார் 1.56 லட்சம் ஜி.எஸ்.டி. கூலி வேலைக்கான 12 சதவீத வரியை, கைக்கு ஒரு ரூபாய்கூட வராத நிலையிலும், அவர்கள் மாதாமாதம் அரசுக்குக் கட்டியிருந்தார்கள். அதற்காக நகையை அடகு வைத்தார்கள். தீபாவளி போனஸுக்காகத் தனியாரிடம் இரண்டு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்) கடன் பேசியிருந்தார்கள். அந்த வேளையில்தான் சங்கத்துக்கு வந்தார்கள்.

முதல் சந்திப்பில் தெரியவந்தவை

கணவர் பேசத் தயங்கினார். "பணம் கேட்டு எழுதினால் அடுத்த வாரம் காஸ்டிங் வராது. மிஷின் தவணையை அப்புறம் எப்படிக் கட்டுவது, அண்ணா?" என்றார் எங்கள் தலைவரிடம். சிறுதொழில் சங்கங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். சட்டம் எவ்வளவு பலமாக இருந்தாலும், இதற்கு விடை சொல்லாமல் அதை ஒருவர் கையில் கொடுத்துப் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் பலமானதுதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் தரப்பட வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். இந்த நிறுவனத்தின் ஆர்டர் தாளின் பின்புறம் "90 நாட்கள்" என்று அச்சிட்டிருந்தார்கள். இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தாலும் 45ஐத் தாண்டிய பகுதி செல்லாது. தாமதமானால் 16ஆவது பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகக் கணக்காகும். அப்போது வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்கு 20.25 சதவீதம். அதன்பிறகும் தராவிட்டால் வசதியாக்கல் மன்றத்தில் மனு கொடுக்கலாம். மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுபோகும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் நிறுவனம் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். கோவையிலேயே மன்றம் இருக்கிறது. அப்போது 'சமாதான்' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போட முடிந்தது.

ஆனால் சிறுதொழில் பதிவுச் சான்றிதழைக் கேட்டபோது தடை ஒன்று தெரிந்தது. பட்டறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது 'உத்யோக் ஆதார்' சான்றிதழ். 2020 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு 'உத்யம்' பதிவு வந்துவிட்டது. பழைய சான்றிதழ் 2022 ஜூன் 30 வரைதான் செல்லுபடியாகும். மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் நிலுவையிலிருந்த ஐந்து மாத பில்களும், செல்லுபடியாகும் பதிவு இல்லாத காலத்தில் போடப்பட்டவை. பதிவுக்கு முந்தைய வேலைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு பின்னோக்கிப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லியிருந்தது. மன்றத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அதைக் காட்டுவார் என்று எங்கள் தணிக்கையாளர் எச்சரித்தார்.

அன்றைக்கே உத்யம் பதிவு செய்துகொடுத்தோம். ஆதார், பான், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதை இங்கே எழுதிவைக்கிறேன். அக்டோபருக்குப் பிந்தைய பில்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. பழைய 14.60 லட்சத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

எந்தெந்த வழிகளைப் பார்த்தோம்

நண்பர் ஒருவர் கொடுத்த யோசனை, பட்டறையில் கிடக்கும் நிறுவனத்தின் காஸ்டிங்குகளைப் பணம் வரும்வரை திருப்பி அனுப்ப வேண்டாம் என்பது. கோபத்தில் இருப்பவர்களுக்கு இது நியாயமாகப் படும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, ஒரு பொருளில் வேலை செய்தவருக்கு அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் போன மே மாதக் கூலிக்காக இந்த நவம்பரில் வந்த காஸ்டிங்கைப் பிடித்துவைக்க அது இடம் தராது. அப்படிச் செய்திருந்தால் பாதிக்கப்பட்டவரே வழக்கில் எதிரியாகியிருப்பார். வேண்டாம் என்று தடுத்தோம்.

தனியாக வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புவது அடுத்த வழி. அனுப்பிய அன்றே வேலை நின்றுவிடும் என்று தம்பதி இருவருமே அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் மிகையில்லை என்பதே எங்கள் அனுபவமும்.

மூன்றாவது வழியைச் சொன்னது மனைவிதான். "எங்களுக்கு மட்டுமா நிறுத்தியிருப்பார்கள்?" என்று கேட்டார். விசாரித்துப் பார்த்தோம். பவுண்டரி, பேட்டர்ன் செய்பவர், மோட்டார் வைண்டிங், பவுடர் கோட்டிங், அட்டைப்பெட்டி சப்ளை என அதே நிறுவனத்திடம் பணம் நின்றிருந்த பலர் எங்கள் சங்கத்திலேயே இருந்தார்கள். ஒருவருக்கு நின்றது மற்றவருக்குத் தெரியாது. கொள்முதல் பிரிவில் ஒவ்வொருவரிடமும், மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று, உங்களுடையது அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள்.

நவம்பரில், தீபாவளி முடிந்ததும் அவர்களைச் சங்கக் கட்டடத்தில் கூட்டினோம். பத்துப் பேர் வந்தார்கள். இருவர், சேர்ந்து கேட்பதில் தங்களுக்கு விருப்பமில்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள். அவர்களுடைய நிலைமை அவர்களுக்குத்தான் தெரியும், வற்புறுத்தவில்லை. எஞ்சிய எட்டுப் பேரில் ஐவரிடம் செல்லுபடியாகும் உத்யம் பதிவு பழைய தேதியிலேயே இருந்தது. எங்கள் பட்டறைக்கும் பேட்டர்ன் செய்பவருக்கும் இல்லை. அட்டைப்பெட்டிக்காரர் பெட்டிகளை வாங்கி விற்பவர். வியாபாரியாகப் பதிவு செய்தவருக்கு உத்யம் இருந்தாலும், தாமதப் பணத்துக்கான பாதுகாப்புக் கிடையாது; முன்னுரிமைக் கடன் வசதி மட்டும்தான்.

இங்கேதான் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. பதிவுள்ள ஐவர் தனியாகப் போனால் சட்டப்படி அவர்களுக்கு எளிதில் பணம் கிடைக்கும். மற்ற மூவரும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார்கள். பவுண்டரி உரிமையாளர்தான் பேசினார்: "எட்டுப் பேருக்கும் ஒரே அட்டவணை போடச் சொல்லுங்கள். எனக்கு ஒரு மாதம் தள்ளி வந்தாலும் பரவாயில்லை." நிலுவையில் மிகப் பெரிய தொகை அவருடையது. அவர் அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு மறுபேச்சு இல்லை. பட்டறைக்காரர்களின் பெயர்களைப் போடாமல் சங்கத்தின் பெயரில் கடிதம் அனுப்புவது, மன்றத்துக்குப் போவதாக அதில் மிரட்டாமல் பேச நேரம் கேட்பது என்று முடிவானது.

டிசம்பர் பேச்சுவார்த்தை

கொள்முதல் மேலாளர் கடிதத்தை நன்றாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் யார் புகார் சொன்னார்கள் என்று தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நிர்வாக இயக்குநரே பேச அழைத்தார்.

அவர் பக்கத்திலும் உண்மை இருந்தது. வெளிமாவட்ட டீலர்களிடம் சரக்கு தேங்கி நின்றது. அவர்களிடமிருந்து பணம் சீசன் தொடங்கிய பிறகுதான் வரும். வங்கி அளித்த வரம்பு முழுவதையும் செப்பு, ஸ்டாம்பிங் (மோட்டாருக்கான இரும்புத் தகடு) வாங்கப் பயன்படுத்திவிட்டார். அவற்றை விற்கும் பெரிய நிறுவனங்கள் கடன் கொடுப்பதில்லை. பலம் உள்ளவருக்கு முன்பணம், பலம் இல்லாதவருக்கு நிலுவை என்ற இந்த வரிசை அவர் வகுத்ததல்ல. ஆனால் அதை மாற்றும் இடத்தில் இருந்தவர் அவர்தான்.

எங்கள் தணிக்கையாளர் அமைதியாக இரண்டு விஷயங்களைச் சொன்னார். முதலாவது ஜி.எஸ்.டி. பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சப்ளையருக்குப் பணம் தராவிட்டால், அந்த பில்லில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (பில்லில் உள்ள வரியைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொண்ட தொகையை) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மே மாத பில்கள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன, ஜூன் பில்கள் தாண்டிக்கொண்டிருந்தன. இந்த விதிக்கு உத்யம் பதிவு தேவையில்லை. பதிவு இல்லாத எங்கள் பட்டறைக்கும் பேட்டர்ன் செய்பவருக்கும் கைகொடுத்தது இதுதான். இரண்டாவது வருமான வரி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலக்கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்றது. 2023–24 நிதியாண்டின் கணக்கிலேயே இது நடைமுறைக்கு வந்துவிட்டது. மார்ச் 31இல் நிலுவை நின்றால் அந்தத் தொகைக்கும் லாபத்தைப் போல வரி கட்ட நேரிடும். நிறுவனத்தின் கணக்குத் தலைவருக்கு இது தெரிந்திருந்தது. நிர்வாக இயக்குநருக்கு அன்றுதான் முழுமையாகத் தெரிந்தது.

அடுத்து ரிஜெக்‌ஷன் பிரச்சினை வந்தது. ஜூன், ஜூலையில் கொடுத்த ஷாஃப்டுகளில் அளவு தவறு என்று 1.35 லட்சத்துக்கு டெபிட் நோட்டை (பில் தொகையில் கழித்துக்கொள்ளும் சீட்டை) எடுத்துப் போட்டார் கொள்முதல் மேலாளர். பொருள் வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்று சிறுதொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கள் பட்டறையின் பழைய பில்களுக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்க முடியாது. மனைவி தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு டெலிவரி சலானுக்கும் தேதி, டாடா ஏஸ் வண்டியின் எண், கேட்டில் வாங்கியவரின் பெயர் எல்லாம் எழுதிவைத்திருந்தார். நிறுவனத்தின் சீலும் தேதியும் தெளிவாக இருந்த சலான்களோடு அதை ஒப்பிட்டபோது 65 ஆயிரத்துக்கான டெபிட் நோட்டை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மற்றச் சலான்களில் காவலாளியின் கையெழுத்து மட்டும் இருந்தது, தேதி இல்லை. அந்த 70 ஆயிரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் செய்த வேலைக்கான கூலி அது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

முடிவில் எட்டுப் பேருக்கும் ஒரே விகிதத்தில் நான்கு தவணைகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. எங்கள் பட்டறைக்கு 13.90 லட்சம்: டிசம்பரில் 3 லட்சம், ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மூன்றரை லட்சம் வீதம், மார்ச்சில் 3.90 லட்சம். அக்டோபர் முதலான புதிய பில்களுக்கு 45 நாட்கள். பழைய தொகைக்கு வட்டி கேட்பதில்லை என்று எட்டுப் பேரும் ஒப்புக்கொண்டார்கள். பேசியது அனைத்தும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கப்பட்டது.

பிப்ரவரியில் வந்த நெருக்கடி

2024 தொடக்கத்தில் 43பி(எச்) பற்றிய பேச்சு நாடெங்கும் பரவியது. நிறுவனங்கள் சப்ளையர்களிடம் உத்யம் விவரம் கேட்டுப் படிவம் அனுப்பின. சில இடங்களில் பதிவு இல்லாதவர்களுக்கு ஆர்டரை மாற்றுவதும் நடந்தது. எங்கள் பட்டறைக்கும் அப்படி ஒரு படிவம் வந்தது. கூடவே, பதிவை ரத்து செய்துவிட்டால் வேலை தொடர்ந்து வரும் என்று கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார்.

கணவர் அநேகமாகச் சம்மதித்துவிட்டார். மூன்றாவது தவணை வர வேண்டிய நேரம் அது. ரத்து செய்யலாமா என்று கேட்டு வந்தவரிடம் நாங்கள் முடிவு எதையும் சொல்லவில்லை. இழப்பு இன்னதென்று மட்டும் எழுதிக்காட்டினோம். புதிய பில்களுக்கான பாதுகாப்புப் போய்விடும். இரண்டு வட்டிக் கடனை அடைக்க வங்கியில் கேட்டிருந்த, அடமானம் இல்லாத ஓவர்டிராஃப்ட் உத்யம் பதிவை நம்பியே பரிசீலனையில் இருந்தது, அதுவும் நின்றுவிடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ரத்து செய்வதில்லை என்று தம்பதி முடிவு செய்தார்கள். அந்த வாய்மொழிச் செய்தியைத் தலைவர் நிர்வாக இயக்குநரிடம் தொலைபேசியில் சொன்னார். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றார் அவர். அதன்பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அதற்குப் பின் நடந்தவை

பிப்ரவரித் தவணை பத்து நாள் தாமதமானது. கடைசித் தவணை மார்ச் 28 அன்று வங்கியில் ஏறியது. எட்டுப் பேரில் ஏழு பேருக்கு நிதியாண்டு முடிவுக்குள் முழுத் தொகையும் வந்தது. அட்டைப்பெட்டிக்காரருக்கு மட்டும் கடைசித் தவணை ஏப்ரலில்தான் வந்தது. வரிச் சட்டத்தின் அழுத்தம் இல்லாதவரின் பணம்தான் கடைசியில் வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம். தனியாகப் பேசிக்கொள்வதாகச் சொல்லிப் போன இருவரில் ஒருவர் மே மாதத்தில் எங்களிடம் திரும்பி வந்தார்.

வேலையில் இழப்பு இருந்தது. அதை மறைத்தால் இந்தப் பதிவை எழுதிப் பயனில்லை. மாதம் மூன்றரை லட்சத்துக்கு வந்துகொண்டிருந்த வேலை கோடையின் உச்சத்திலும் இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை. ஷாஃப்ட் வேலையில் ஒரு பகுதி பதிவு இல்லாத வேறு பட்டறைக்குப் போய்விட்டது. இரண்டாம் ஷிப்ட் மூன்று மாதங்கள் ஓடவில்லை, தொழிலாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். தனியார் கடனுக்கும் நகைக்கும் வட்டியாகக் கட்டியது திரும்பாது.

இன்னொரு பக்கம், வங்கி ஓவர்டிராஃப்ட் ஏப்ரலில் கிடைத்து இரண்டு வட்டிக் கடன் அடைந்தது. சங்கம் நடத்திய வாங்குவோர்-விற்போர் சந்திப்பில் கம்ப்ரஸர் தயாரிப்பாளர் ஒருவரும், நூற்பாலை இயந்திர உதிரிப்பாகம் செய்பவர் ஒருவரும் அறிமுகமானார்கள். 2024 இறுதியில் அந்தப் பம்ப்செட் நிறுவனத்தின் பங்கு 60லிருந்து 35 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததுதான் இந்த நிலுவைக்கு அடிவேர் என்பதால், பணம் வந்ததைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

வட்டியை முழுவதும் விட்டுக்கொடுத்தது அவசரம். 20.25 சதவீதத்தைக் கேட்டு வாங்கியிருக்க முடியாது. ஆனால் அதை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக ஆறு மாதத்துக்கு வேலை அளவு குறையாது என்ற உறுதியை எழுத்தில் கேட்டிருக்கலாம். அடுத்த முறை அப்படித்தான் பேச வேண்டும் என்பது குழுவின் கருத்து.

பதிவைப் பற்றிச் சங்கம் இப்போது ஆண்டுதோறும் ஏப்ரலில் உறுப்பினர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறது. முதல் ஆண்டிலேயே பழைய உத்யோக் ஆதாரோடு இருந்தவர்கள் பலர் தெரியவந்தார்கள். பதிவுக்கு முந்தைய பில்கள் பற்றிய கேள்வியை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

சலானில் வாங்கியவரின் பெயர், தேதி, சீல் மூன்றும் இல்லாமல் வண்டியைத் திருப்புவதில்லை என்பதைத் தம்பதி தங்கள் ஓட்டுநருக்குக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். புதிய வாடிக்கையாளர் யாராயினும் முதல் வேலைக்கு முன் 45 நாள் தவணையை ஒரு வரியில் எழுதி, கையெழுத்து வாங்குகிறார்கள். கம்ப்ரஸர் நிறுவனத்திடம், பில்லைக் காட்டி வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் பெறும் 'ட்ரெட்ஸ்' தளத்தில் சேரும்படி கேட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

பம்ப்செட் நிறுவனம் இப்போது 50 முதல் 60 நாட்களில் பணம் தருகிறது. எழுதிக்கொடுத்த 45 நாள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்தச் சீசன் தொடங்கும் முன் எட்டுப் பேரும் மீண்டும் கூடுகிறார்கள். பேசவிருப்பது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.